ஏழாம் கேள்வி

ஆங்கிலத்தில் அது ஒரே சொல்.
அன்ஈஸி.
சொல்லிப் பார்த்தால் வாய்க்குள்
வழுக்கிக்கொண்டு போகும், நோகாது.
கொழும்பில் யாரோ அதை
‘அசௌகரியம்’ என்று தமிழாக்கித்
தாளில் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

கடந்த இரண்டு கிழமைகளில்
நீங்கள் அசௌகரியமாக உணர்ந்தீர்களா?
இல்லை, சில நாள், பல நாள், எல்லா நாளும்.
பேனையால் ஒரு சரி போட்டால் போதும்.

ஒட்டுசுட்டான் சந்தி தாண்டி
ஸ்கூட்டியை வேலியோரம் சாய்த்துவிட்டு
முதல் வீட்டில் கேட்டேன்.
பவளராணி கூரையைக் காட்டினா.
“ரெண்டு தகரம் ஓட்டை, தங்கச்சி.
கக்கூசுக்குக் கதவும் இல்லை.
எழுதுங்கோ, எல்லா நாளும்.”
எழுதினேன். அது பொய்யில்லையே.

மத்தியானத்துக்குள் பதினொரு கூரைகள்,
மூன்று கக்கூஸ், உடைந்த மதகு ஒன்று.
எல்லாம் உளநலத் திட்டத்தின் கீழ்.

அன்றிரவு அகராதியைத் திறந்தேன்.
அமைதியின்மை, சஞ்சலம், இருப்புக்கொள்ளாமை,
மனக்கிலேசம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.
அயன் பண்ணி மடித்த சட்டைகள்.
ஒருவரும் இன்னும் போட்டு வியர்க்காதவை.

அடுத்த நாள் தாளைப் பார்க்காமல் கேட்டேன்.
“ஒரு மாதிரிக் கிடக்கோ, உங்களுக்கு?”

சுகிர்தன் கிணறு வெட்டுகிறவர். சிரித்தார்.
“ஒரு மாதிரி இல்லாமல் எப்ப பிள்ளை கிடந்தது?”
பிறகு அலவாங்கு நுனியின் மண்ணைச்
சுரண்டியபடி சொன்னார்:
“கல்லில பட்டால் ஒரு சத்தம்.
இரும்பில பட்டால் ஒரு சத்தம்.
ரெண்டுக்கும் நடுவில ஒண்டு கேக்கும் பாருங்கோ,
அப்ப கை தானா நிண்டிடும்.
அதுக்குப் பேர் தெரியாது.”

பக்கத்து வளவில் பதிலே இல்லை.
அந்த மனிசி எழும்பிப் போய்
காய்ந்த உடுப்புகளை எடுத்து
மடித்து
திரும்பவும் கொடியில் போட்டா.
அதற்குக் கட்டம் இல்லை.

முத்தையன்கட்டுப் பக்கம் கேதாரணி.
மிதிவெடி அகற்றப் போகிறவள்,
முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருந்தன.
“மெஷின் கத்தினால் எனக்கு ஒண்டுமில்லை அக்கா,
என்ன செய்யிறதெண்டு தெரியும்.
கத்தாமல் பத்து மீற்றர் போகுமே,
அதுதான் அந்தரம்.”

அந்தரம்.
பேனை நின்றது.
பஸ் பிந்தினால் அந்தரப்படுகிறோம்.
நுண்கடன்காரனின் மோட்டார் சைக்கிள்
ஒழுங்கைக்குள் திரும்பினாலும் அந்தரம்.
வானத்துக்கும் தரைக்கும் நடுவில்
பிடியில்லாமல் தொங்குகிற இடத்துக்கும்
அதே பெயர்தான் என்பதை
இவ்வளவு காலம் சொல்லியும் நான் கேட்டிருக்கவில்லை.

அசௌகரியத்தை வெட்டிவிட்டு
மேலே எழுதினேன்.
மிச்ச வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள்
கூரையைப் பார்க்கவில்லை.
பாயை விரித்தார்கள், தேத்தண்ணி வைத்தார்கள்.
ஒரு வீட்டுக்கு ஒரு பின்னேரம் போனது.

கிழமை முடிவில் நிரோஷினி மிஸ் போன் எடுத்தா.
“ஏழாவது கேள்விக்கு உங்க பக்கம் மட்டும்
எல்லாரும் எல்லா நாளும்னு சொல்றாங்க.
டேட்டா ஒருமாதிரி வருது.
சரியான சொல்லைத்தானே கேட்டீங்க?”

“ஓம் மிஸ்.”

“அந்தரம்னா சரியா என்ன?”

வாயெடுத்தேன்.
காட்டுப் பக்கம் ஒரு ஆனைவெடி வெடித்தது.
சோளத்துக்கு யானை இறங்கியிருக்கும்.
ஆனைவெடி என்று எனக்கு நன்றாகத் தெரியும்,
தெரிந்துகொண்டேதான்
மேசைக்குக் கீழே குந்தியிருந்தேன்,
போன் காதில்,
மற்றக் கை தலையில்.

“ஹலோ? கேக்குதா?”

“கேக்குது மிஸ்.
கொஞ்சம் பொறுங்கோ, சொல்லுறன்.”